நூல் சுற்ற ஆள் வேண்டுமா?

நைனா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நம் பேச்சு எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். நான் ஒன்றை ஆரம்பிப்பேன், நீ அதை முடித்து வைப்பாய், அதுவும் நான் நினைக்காத மாதிரி முடித்து வைப்பாய். அப்புறம் "சரிம்மா, மீட்டிங் கீது" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நடுவில் டீ குடிக்க எழுந்து போனாலும் பரவாயில்லை. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படி.

உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பதை முதலில் நேராக எழுதிவிடுகிறேன். தையில் உனக்குக் கல்யாணம். அதற்கப்புறம் நானும் சென்னைக்கு வந்து உங்களோடு இருக்க வேண்டும், நம் வீட்டின் முன்பக்கத்தைக் கம்பெனி ஆட்களைத் தங்கவைக்கிற கான்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறாய். முன்பக்கம் என்றால், ரிட்டயர் ஆனதும் கடை வைக்கிறேன் என்று உன் அப்பா ஆசையாகக் கட்டி, கடை வைக்காமலே போய்ச் சேர்ந்தாரே, அந்த நீள ஹால். அவர் போனதிலிருந்து பூட்டியே கிடக்கிறது. இந்தப் பக்கம் என்னவென்றால், ஸ்டேஷன் ரோட்டில் நம் கிளை நூலகம் இருக்கிற கட்டடத்தை அதன் சொந்தக்காரர்கள் இடித்துக் கட்டப் போகிறார்கள். மாசக் கடைசிக்குள் வேறு இடம் அமையாவிட்டால் புத்தகங்களை மூட்டை கட்டிக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பிவிடுவார்களாம். அதோடு கவரைப்பேட்டையில் நூலகம் என்று ஒன்று இருக்காது. உங்கள் ஹாலைத் தர முடியுமா என்று லைப்ரேரியன் ஸ்டெல்லா என்னைக் கேட்டாள். வீடு நம் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது. அதைத்தான் உன்னிடம் கேட்டேன்.

நீ சிரித்தாய். "இன்னாம்மா நீ, இந்தக் காலத்துல எவன் லைப்ரரிக்குப் போறான்? எல்லாம் போன்லயே கீது. பழைய பேப்பர் நாத்தத்துக்கா நம்ம ஊட்ட குடுக்கிறது?" என்றாய். அந்த நாற்றத்தில் பாதி புத்தகம் ஒட்ட நான் காய்ச்சிய மைதாப் பசையின் நாற்றம் என்பதை நீ மறந்திருப்பாய். மறக்காவிட்டாலும் சொல்லியிருப்பாய், உன் வாய் அப்படி. என் வாய்தானே உனக்கும் வந்திருக்கிறது.

ஆனால் சிரிப்பு எனக்கு ஒன்றும் புதுசில்லை. அந்த நூலகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே நான் சிரிப்பு வாங்கியவள். அந்தக் கதையை உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும். அவர் சிரித்து முடிக்கவே இரண்டு மூன்று நாள் ஆனது.

பள்ளிப்பட்டில் என் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் தறி வேலை. எனக்கு நடக்கத் தெரிந்த வயதிலேயே தார் சுற்றத் தெரியும். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் ஒரு சின்னக் கட்டை இருக்கும், அதில் நூல் சுற்றித் தருகிற வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு ரோலிங் மில்லில் வேலை கிடைத்து இங்கே லைன் வீட்டில் குடித்தனம் வந்தபோது நீ கைக்குழந்தை. தெரிந்த முகம் ஒன்று கிடையாது. எங்கே பார்த்தாலும் இரும்பு வேலை, எனக்குத் தெரிந்த வேலை எங்கேயும் இல்லை. ஒருநாள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் போகும்போது ஒரு பலகை கண்ணில் பட்டது. நின்று எழுத்துக் கூட்டினேன். கி-ளை-நூ-ல-க-ம்.

நீயே சொல். பள்ளிப்பட்டில் பிறந்தவளுக்கு நூல் என்றால் என்ன தோன்றும்? அகம் என்றால் இடம், கிளை என்றால் பிராஞ்சு. எங்கேயோ இருக்கிற பெரிய நூல் கம்பெனி இங்கே பிராஞ்சு போட்டிருக்கிறது! லைப்ரரி என்று ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் வாயால் லைப்ரரி என்று சொல்லிவிட்டு பலகையில் நூலகம் என்று எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பாடம் நடத்திய அன்றைக்கு நான் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். பெரிய மேஜையைச் சுற்றி ஆம்பிளைகள் சிலர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பெரிய கம்பெனி என்றால் இப்படித்தான் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் புத்தகம். அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எவ்வளவு நூல் வித்திருந்தா இவ்வளவு கணக்கு எழுதியிருப்பான் என்றுதான் வாயைப் பிளந்தேன். மேஜைக்குப் பின்னால் என் வயசில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதுதான் ஸ்டெல்லா, அப்போது வேலைக்கு வந்த புதுசு.

"மேடம், நூல் சுத்த ஆள் எடுக்கிறீங்களா? முடி மாதிரி மெல்லிசா கீற நூறாம் நம்பர் நூல்னாகூட அறாம சுத்துவேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பார், 'அமைதி காக்கவும்' என்று எழுதிய பலகைக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு சிரிப்பு. பேப்பர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. ஒரு பெரியவர், "இது நூல் கம்பெனி இல்லம்மா, லைப்ரரி" என்றார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "அப்ப லைப்ரரின்னு எழுதி வெக்கிறதுதானே? நூலு நூலுன்னு எழுதி வெச்சா ஜனங்க இன்னான்னு நெனைப்பாங்க?" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். இனி செத்தாலும் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் பால் புட்டியை அந்த மேஜை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் போனேன். சண்டை போடுகிற முகத்தோடுதான் போனேன். ஸ்டெல்லா புட்டியைக் கழுவி, மேலே ஒரு சுத்தமான காகிதம் சுற்றி வைத்திருந்தாள். "நேத்து சிரிச்சது தப்புதான்க்கா, மனசுல வெச்சுக்காதீங்க. உக்காருங்க, ஃபேன் போடறேன்" என்றாள். அப்புறம் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தாள். சாக்கு நிறைய, அட்டை பிய்ந்து, நடுவில் பிளந்து, தாள் தாளாக உதிர்ந்த புத்தகங்கள். "நூல் வேலை கேட்டீங்களே, இத்த தெக்க வருமா? சம்பளம்லாம் கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். பழைய தையல் எப்படி ஓடியிருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று என் கண்ணுக்கு உடனே தெரிந்தது. நைனா, புத்தகத்துக்குள் நூல் இருக்கிறது என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. முதுகை ஒட்டி, தாளின் மடிப்புக்குள்ளே, யார் கண்ணுக்கும் படாமல் ஓடுகிறது. அப்போ நான் கேட்டது தப்பே இல்லையே! புத்தகத்துக்கும் நூல் என்று பேர் வைத்தவன் இதைப் பார்த்துத்தான் வைத்தானோ என்னவோ. அன்றைக்கு நின்ற இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்றைக்கும் ஒரு புத்தகத்தைப் பிரித்து அந்த வெள்ளை நூலைப் பார்த்தால் அதே மாதிரிதான் இருக்கிறது.

பள்ளிப்பட்டிலிருந்து அண்ணனிடம் நல்ல முறுக்கு நூலாகக் கேட்டு வாங்கினேன். மைதாவில் கொஞ்சம் துத்தம் போட்டுப் பசை காய்ச்சினேன், பூச்சி வராது. நீ மேஜைக்கு அடியில் துணி விரித்துத் தூங்குவாய், நான் தைப்பேன். தைப்பதற்கு முன்னால் தாளை வரிசைப்படுத்த வேண்டும் இல்லையா? பக்க நம்பர் கிழிந்துபோயிருக்கும். அதனால் ஒரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் படித்துப் பார்ப்பேன். இரண்டும் சேர்ந்தால்தான் ஊசியை இறக்குவேன். தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற நூல்தான் பாவு, ஒரு பாவு தீர்ந்தால் அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகப் பிணைப்பார்கள், அந்தப் பொறுமைதான் இதற்கும். ரொம்ப நாள் வரைக்கும் நான் படித்ததெல்லாம் கடைசி வரியும் முதல் வரியும்தான். யாரோ ஒருத்தி கதவைத் திறந்தாள் என்று ஒரு பக்கம் முடியும், வெளியே மழை என்று அடுத்த பக்கம் தொடங்கும். அவள் யார், ஏன் திறந்தாள், எனக்குத் தெரியாது. அந்த அரிப்பு தாங்காமல்தான் நடுவில் இருப்பதையும் படிக்க ஆரம்பித்தேன். இப்படியும் ஒருத்தி படிக்கக் கற்றுக்கொள்வாளா என்று ஸ்டெல்லா இன்னமும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

தப்பும் செய்திருக்கிறேன். கோழி வளர்ப்பது பற்றிய புத்தகத்தில் கொஞ்சம் தாளை ஒரு பேய்க்கதைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். பாழடைந்த பங்களாவில் பேய் மெதுவாகக் கதவைத் தட்டியதும், குஞ்சுகளுக்கு அம்மை ஊசி எப்போது போட வேண்டும் என்று வரும். அந்தப் புத்தகம் எத்தனையோ வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒருத்தராவது வந்து கேட்க வேண்டுமே! கடைசியில் கண்டுபிடித்தது நீதான். ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாய். விழுந்து விழுந்து சிரித்தாய். பிரித்துத் தைக்கிறேன் என்றதற்கு "வேணாம்மா, இதான் நல்லாக்கீது" என்று அழ ஆரம்பித்துவிட்டாய். அதனால் அது இன்னமும் அப்படியே இருக்கிறது. மூட்டை கட்டினால் அதுவும் மூட்டைக்குள்தான் போகும்.

எல்லாவற்றையும் விட என்னை மலைக்க வைத்தது எது தெரியுமா? ஒருநாள் தைத்து முடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா பார்த்துவிட்டு, "ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்கக்கா, படிச்சிட்டு கொண்டாந்து குடுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. எடுத்துக்கொண்டு போகலாமா? இந்த ஊரில் எங்களுக்குத் தெருமுனைக் கடைக்காரன் தீப்பெட்டி கூடக் கையில் காசு வாங்காமல் தரமாட்டான். நாங்கள் யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் லைன் வீட்டில் ஒரு ரூமே கொடுத்தார்கள். இங்கே ஒருத்தி, இந்தா, கொண்டுபோ, திரும்பி வா என்கிறாள். என்ன ஜாதி என்று கேட்கவில்லை, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. மெம்பர் ஆவதற்குத் தெரிந்தவர் கையெழுத்து வேண்டும் என்றதும், எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றேன். "ஏன், என்னைத் தெரியாதா?" என்று அவளே போட்டாள். அந்தப் புத்தகத்தை முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டு நான் தெருவில் நடந்து வந்ததை யாராவது பார்த்திருந்தால் திருடிக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அரசாங்கம் என்றால் நிற்க வைக்கும், நாளைக்கு வா என்னும் என்றுதான் அதுவரைக்கும் எனக்குத் தெரியும். என்னை நம்பும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் அப்பாவுக்குப் புத்தகம் ஆகாது. ஆனால் அவருக்கும் அங்கே ஒரு நாற்காலி இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வருவார். லைன் வீட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வெயில் ஏறினால் உள்ளே படுக்க முடியாது. ஃபர்னஸ் முன்னால் நின்றுவிட்டு வந்த மனுஷன் மறுபடி ஒரு ஃபர்னஸுக்குள் எப்படித் தூங்குவார்? குளித்துவிட்டு நேராக நூலகத்துக்குப் போய், பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். பேப்பர் கீழே விழாது, அதுதான் அவருடைய சாமர்த்தியம். பேப்பர் கிடைக்காதவர்கள் ஸ்டெல்லாவிடம் முறையிட்டால், "அண்ணன் தலையங்கம் படிக்கிறாரு, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்பாள். தலையங்கத்துக்குப் பின்னாலிருந்து குறட்டை வரும். யாரும் அவரை எழுப்பியதில்லை. மில்லில் சூபர்வைசர், வீட்டில் நான், கடன்காரர், சொந்தக்காரர் என்று உலகமே அவரை எழுப்பிக்கொண்டிருந்தபோது, எழுப்பாத இடம் அது ஒன்றுதான். நம் ஹாலை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரைக் கேட்டிருந்தால், தான் தூங்குவதற்கு ஒரு நாற்காலி போடுகிறவர்களுக்குக் கொடு என்றிருப்பார்.

நீ பிளஸ் டூ படித்தது எங்கே என்று நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் சரி, சொல்லித்தான் காட்டுகிறேன். ஜன்னல் ஓரத்து மேஜையில் காம்பஸ் முனையால் உன் பேரைக் கீறி வைத்திருக்கிறாயே, அதுவும் அங்கேதான் இருக்கிறது. ஸ்டெல்லா பார்த்தும் பார்க்காத மாதிரி அதன்மேல் ஒரு பேப்பரை விரித்து வைப்பாள்.

சரி, பழைய கதை போதும், 'இப்ப எவன் போறான்' என்றுதானே கேட்டாய். உன்னோடு பேசிய மறுநாள் காலையில் நேராக அங்கேதான் போனேன். எவன் போகிறான் என்று பார்த்துவிடுவது என்ற வீம்போடு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். நீ சொன்னது மாதிரி இருந்துவிட்டால் கான்ட்ராக்டருக்கே விட்டுவிடலாம் என்று எனக்குள்ளேயும் ஒரு எண்ணம் இருந்தது, மறைக்கவில்லை.

முதலில் வந்தவன் சுசாந்தா. ஒடிசாக்காரன், வார்ப்படக் கம்பெனியில் வேலை. அவனை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். முதல்முதலில் வந்தபோது அவனுக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றான். "அக்கா, மேப் இருக்கு?" என்றான். ஸ்டெல்லா பெரிய அட்லஸைக் கொடுத்தாள். எழுத்தே படிக்காமல் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே மேலே மேலே போனான். ஒரு ஆறு வந்ததும் நின்றான். அங்கிருந்து ஒரு நக அகலம் தள்ளி, ஒன்றுமே எழுதாத வெறும் இடத்தில் விரலை வைத்து, "இங்க. என் வீடு" என்றான். அதற்கப்புறம் ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவன் ரூமில் இருக்கிறவர்களைக் கூட்டி வந்தான். அவர்கள் வேறு கம்பெனியில் இருக்கிறவர்களைக் கூட்டி வந்தார்கள். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால், விரல் பட்டுப் பட்டு அந்த ஆறே அழிந்துபோயிருக்கிறது. நான் பின்னால் மெல்லிசுக் காகிதம் ஒட்டித்தான் தாள் கிழியாமல் நிற்கிறது. போனில் மேப் இல்லையா என்பாய். அவனிடமும் போன் இருக்கிறது. போனில் பார்த்தால் அவன் மட்டும்தான் பார்ப்பான். இந்தப் பக்கத்தில் தனக்கு முன்னால் வந்தவர்களின் விரல் பட்ட இடத்தில் தன் விரலை வைக்கிறான். அந்த அழிந்துபோன ஆற்றைத் தடவிப் பார்க்கும்போது எனக்கு ஏனோ கை கூப்பத் தோன்றும். கோயிலில்கூட எப்போதும் அப்படித் தோன்றுவதில்லை.

அவனுக்குப் பின்னாலேயே பவானி என்று ஒரு பெண் வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கண்ணெல்லாம் சிவப்பு. ஆரணிப் பக்கம் வீடு, பட்டுச்சேலை ஆரணி இல்லை, நம் பக்கத்து ஆரணி, அப்பா அம்மா முன்னால் நாற்று நட்டவர்கள், இப்போது அவர்களும் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். அவள் என்ன வேலை செய்கிறாள் தெரியுமா? போன் சார்ஜர் செய்கிற கம்பெனியில் நைட் ஷிப்ட். எல்லாம் போனில் இருக்கிறது என்றாயே, அந்தப் போனுக்கு உயிர் கொடுக்கிறதைச் செய்துவிட்டு அந்தப் பெண் காலையில் நேராக இங்கே வருகிறாள். கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஏம்மா, தூங்க வேண்டாமா, வீட்டில் போய்ப் படிக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஊட்ல புக்க தொறந்தா, சும்மாதானே கீற, தண்ணி புடி, கொழந்தைய பாருன்னுவாங்க ஆன்ட்டி. படிக்கிறதும் ஒரு வேலைன்னு எங்க ஊட்ல யாருக்கும் தெரியாது. இங்க வந்து உக்காந்துக்கினா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க" என்றாள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "இந்த மாசத்தோட மூடறாங்களாமே ஆன்ட்டி? கும்மிடிப்பூண்டிக்குப் போய்ட்டு வந்தா நான் எப்போ தூங்கறது? மறுபடி ஷிப்ட்டு வந்துடுமே. அப்டின்னா வுட்டுட வேண்டியதுதான்" என்றாள்.

விட்டுவிட வேண்டியதுதான். அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். நானும் ஒருநாள் ஒரு பலகையைத் தப்பாகப் படித்துவிட்டு இதே வாசலில் நின்றவள். அந்தப் பலகை அன்றைக்கு அங்கே இல்லாமல் போயிருந்தால்? நான் நேராக நடந்து போயிருப்பேன், அவ்வளவுதான். எதை இழந்தேன் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் அவளுக்கு வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பொய், கொடுத்துவிட்டேன். "அதெல்லாம் மூட மாட்டாங்க, நீ படி" என்று சொல்லிவிட்டேன். உன் கையெழுத்து இல்லாமலே சொல்லிவிட்டேன்.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். புது வீடு, கல்யாணச் செலவு, வாடகை வந்தால் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும். அம்மா தனியாக இருக்கிறாளே என்கிற கவலையும் உண்டு. அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போடு என்று நான் கட்டளை போடவில்லை. போடாவிட்டால் சாக்பீஸால் ஹாலுக்கு நடுவில் கோடு கிழித்து, என் பாதியில் நூலகத்தை வைத்துக்கொண்டு உன் பாதியை உனக்கு விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஸ்டெல்லாதான் வேண்டாம் என்றாள். சென்னைக்கும் வருகிறேன், ஏன் வரமாட்டேன்? வாரத்தில் பாதி நாள் உங்களோடு, பாதி நாள் இங்கே. மாமியார் பாதி நாள்தான் இருப்பாள் என்று தெரிந்தால் வரப்போகிற மருமகளுக்கும் நிம்மதியாக இருக்கும். உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு எதைக் கொடுக்கலாம் என்று நீ யோசித்து வைத்திருப்பாய். நான் யோசித்து வைத்திருப்பது இதுதான்: யாரும் விலை கேட்காமல், ஆள் பார்க்காமல், இந்தா கொண்டுபோ, திரும்பி வா என்று சொல்கிற ஒரு இடம் அதன் தாத்தா கட்டிய ஹாலில் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஒரு காப்பி எடுத்து நூலகத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். மானம் போகிறது என்று கத்தாதே. உன் பேரை எங்கேயும் எழுதவில்லை, பேய்க்கதையில் கோழி வந்தது என் தப்பு என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பவானியும் சுசாந்தாவும் அவர்களைப் பற்றி எழுதியது சரி என்றார்கள். சுசாந்தாவுக்கு ஸ்டெல்லா படித்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வா. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஸ்டேஷனில் இறங்கி முதலில் அங்கே போ. உன் பேர் கீறிய மேஜையில் கொஞ்ச நேரம் உட்கார். யாரும் உன்னை இன்னா வேணும் என்று கேட்க மாட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு வா, சாப்பாடு வைக்கிறேன், கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

ஒரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் சேர்ந்தால்தான் ஊசியை இறக்குவேன் என்று சொன்னேன் இல்லையா? என் பக்கத்தின் கடைசி வரி இது: ஹாலைத் திறந்து பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், சாவி கதவிலேயே தொங்குகிறது. முதல் வரியை நீ வந்து சொல், சேருகிறதா என்று பார்க்கிறேன்.

உன் அம்மா